பேனாக் கோட்டுக்குள் ஒரு கொப்புளம்

என் மனைவி மும்தாஜ் மாடிப்படி இறங்கும்போது பாதியில் நின்று வலது காலை ஒருமுறை உதறுவாள். பிறகு இறங்குவாள். இதைப் பார்த்தும் பார்க்காதவனாக நான் ஒரு வருடம் இருந்தேன்.

அவள் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கோ-கோ சொல்லிக்கொடுக்கும்போது கம்பத்தைப் பிடித்துத் திரும்பியிருக்கிறாள். உடம்பு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். இரண்டு நாள் வீக்கம், மூன்றாம் நாள் மறுபடியும் மைதானம். முப்பத்து மூன்று வயதில் யார் முட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்?

அதன் பிறகு முட்டி அவ்வப்போது பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது. ஒருநாள் பொழிச்சலூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே, ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவள் காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் கழித்துத் தானாக விட்டது. வீட்டுக்குள் வந்து அழுதாள். வலிக்காக இல்லை, பயத்தில். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவிலிருந்த அந்த மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, பேனா முனையால் ஓர் இடத்தைக் காட்டினார்.

"தொடை எலும்போட முனையில வழவழன்னு ஒரு லேயர் இருக்கணும். இவங்களுக்கு இந்த இடத்துல, ஒரு ரூபா காயின் சைஸுக்கு அது போயிடுச்சு. கீழ எலும்பே தெரியுது."

அந்த வழவழப்புதான் குருத்தெலும்பு (மூட்டில் எலும்போடு எலும்பு உரசாமல் காக்கும் உறை). அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. கையில் வெட்டுப்பட்டால் ஆறுவதுபோல அது ஆறாது. போனது போனதுதான். அப்படியே விட்டால் ஓட்டை பெரிதாகும், பக்கத்து இடமும் தேயும்.

எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டு, கசியும் ரத்தத்தால் ஓட்டையை அடைக்க ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். ஆனால் அதில் முளைப்பது தழும்பு போன்ற சதை. இவ்வளவு பெரிய ஓட்டையில், அதுவும் ஓடுகிறவர்களுக்கு, நெடுநாள் தாங்குமா என்பது சந்தேகம். இன்னொரு வழி புதியது. அவளுடைய குருத்தெலும்பிலேயே துளி எடுத்து, ஆய்வகத்தில் செல்களைப் பெருக்கி, திரும்ப ஓட்டைக்குள் வைப்பது.

நான் பம்மலில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன். "வெந்துபோன காயில அறுத்து எடுத்துட்டு புதுசா கட்டுவோமே, அது மாதிரியா சார்?"

டாக்டர் சிரித்தார். "கிட்டத்தட்ட. ஆனா கம்பிய நீங்க கடையில வாங்க முடியாது. இவங்க உடம்புலேருந்துதான் எடுக்கணும். அதுவும் கொஞ்சம்தான் எடுக்க முடியும்."

மும்தாஜ் ஒரே கேள்விதான் கேட்டாள். "நான் ஓடுவேனா டாக்டர்?"

"நடப்பீங்க. ஓடறத பத்தி ஒரு வருஷம் கழிச்சுப் பேசலாம்."

ஓடாத மும்தாஜை அவளுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. அவளை நான் முதன்முதலில் பார்த்ததே ஒரு ரிலே ஓட்டத்தில்தான். பள்ளித் தலைமை ஆசிரியையும் நல்லபடியாகவே, ஆனால் தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது நீங்க கிரவுண்ட்ல நிக்கணும் மிஸ். இல்லனா நாங்க வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும்."

செலவைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதை உங்கள் மருத்துவமனை உங்களுக்குச் சொல்லும். அவர்கள் சொல்ல மறக்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசியில் முதல் அறுவை நடந்தது. ஆர்த்ராஸ்கோபி (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு மூட்டுக்குள் பார்ப்பது). எடை தாங்காத ஓரத்திலிருந்து இரண்டு அரிசி அளவுக்குக் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். அதோடு புட்டி புட்டியாக ரத்தமும் எடுத்தார்கள். ரத்தம் எதற்கு என்று கேட்டேன். செல்கள் வளர்வதற்குத் தீனி வேண்டும், அவளுடைய ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரையே ஊற்றி வளர்ப்பார்கள் என்றார் நர்ஸ். வேறொரு ஊரில், நாங்கள் பார்த்தேயிராத ஒரு கட்டடத்தில், கண்ணாடித் தட்டில் மும்தாஜின் முட்டி மும்தாஜின் ரத்தத்தைக் குடித்து வளரப்போகிறது. கேட்டதும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவளோ, "நல்லா சாப்பிடட்டும், என்னோட பசி அதுக்கும் இருக்கும்ல" என்றாள்.

கேமரா விட்ட அந்தத் துளைக்குப் பக்கத்தில், முட்டிச் சில்லுக்குக் கீழே வெளிப்புறமாக, உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தோல் மரத்துப்போயிருந்தது. தொட்டால் தெரியாது. டாக்டரிடம் சொன்னோம். தோலுக்கு அடியில் ஓடும் ஒரு சின்ன நரம்பு பட்டிருக்கும், சில மாதங்களில் சரியாகும், பயமில்லை என்றார். நாங்களும் பயப்படவில்லை. பயப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு ஐந்து வாரம் காத்திருப்பு. நடுவில் கிருமி புகுந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆய்வகத்திலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுப்பேன். எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே விமானங்கள் தாழ்வாக இறங்கும். மும்தாஜ் அண்ணாந்து பார்த்து, "இதுலயா வருது என் முட்டி?" என்பாள். நான் சிரிப்பேன்.

கடைசியில் நாள் குறித்தார்கள். இரண்டு நாள் முன்னதாக ஆய்வகத்துப் பெண் போன் செய்து கேட்டார். காய்ச்சல் உண்டா, தோலில் காயம், கட்டி, சொறி ஏதாவது உண்டா? ஒன்றும் இல்லை என்றேன். உண்மைதான் சொன்னேன். அன்றைக்கு அது உண்மை.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் சாயங்காலம். பல நாள் வீட்டில் இருக்க மாட்டோம் என்று மும்தாஜ் அலமாரி, சமையலறை, பரண் என்று ஒன்று விடாமல் துடைத்திருக்கிறாள். நான் பட்டறையிலிருந்து வந்தபோது முட்டி லேசாக வீங்கி, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டில் எந்த வலிக்கும் முதல் மருந்து உப்பு ஒத்தடம்தான். கல்லுப்பைத் தோசைக்கல்லில் வறுத்து, பழைய கைலித் துணியில் முடிந்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இதமாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருடம் சுடச்சுட மோட்டார் கூடுகளைத் தூக்கிய உள்ளங்கை அது. அதற்கு எதுதான் சுடும்?

"உள்பக்கம் நல்லா இருக்குங்க" என்றாள். "வெளிப்பக்கம் ஒண்ணுமே தெரியல. அங்க இன்னும் கொஞ்ச நேரம் வைங்க."

வைத்தேன். அழுத்தி வைத்தேன். சுடுவது தெரியாத என் கை, சுடுவது தெரியாத அவள் தோல். இரண்டுக்கும் நடுவில் வறுத்த உப்பு. அவள் கண்ணை மூடி, "அப்பாடா" என்றாள். நல்ல புருஷன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

காலையில் பார்த்தால் கொப்புளம். புளியங்கொட்டை அளவு, பளபளவென்று, தண்ணீர் கோத்து. சுற்றிலும் சிவப்பு.

என் புத்தி முதலில் எங்கே போனது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். "ராத்திரி பூச்சி ஏதோ கடிச்சிருக்குன்னு சொல்லிடலாமா?" என்றேன்.

மும்தாஜ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முட்டி என்னுதுங்க. உள்ள சீழ் வெச்சா பூச்சியா வந்து ஓடும்?"

ஆட்டோவில் போகும்போது வேளச்சேரி சாலையின் ஒவ்வொரு குழியிலும் அவள் காலை என் மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அறுவைக்காகக் காலைச் சுத்தம் செய்ய வந்த நர்ஸ் கொப்புளத்தைப் பார்த்ததும் வெளியே போய் டாக்டரோடு திரும்பி வந்தார். டாக்டர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"யார் பண்ணது?"

"நான்தான் சார். உப்பு ஒத்தடம்."

"மரத்துப்போன இடத்துலயா?"

"வலிச்சுது சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அங்கேயே நின்று ஆய்வகத்துக்குப் போன் போட்டார். முதல் விமானத்திலேயே செல்கள் வைத்த பெட்டி கிளம்பிவிட்டது என்றார்கள்.

பிறகு எங்கள் இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். திறக்கப்போவது முட்டியின் உள்பக்கம். கொப்புளம் வெளிப்பக்கம், நாலு விரல் தள்ளி. உடையாத கொப்புளத்துக்குள் கிருமி இல்லை, உடைந்தால் தோலிலிருக்கும் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. மூட்டுக்குள் கிருமி போனால் புதுச் செல்கள் மட்டுமல்ல, மீதமிருக்கும் நல்ல குருத்தெலும்பும் போய்விடும்.

"செல்ஸ் நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல நான் கேரண்டி தர முடியாது. இன்னிக்குத் திறக்க மாட்டேன். நாளைக்குக் காலையில பார்க்கறேன். கொப்புளம் உடையக் கூடாது. சிவப்பு இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. ரெண்டுல ஒண்ணு நடந்தா, அந்தப் பெட்டிய அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்பின் விளிம்பை ஒட்டி அவள் தோலில் ஒரு வட்டம் போட்டார். நீல மை.

திரும்ப முதலிலிருந்து என்றால் மறுபடி ஒரு அறுவை, மறுபடி ரத்தம், மறுபடி ஐந்து வாரம். ஜூன் மாதம் அவள் ஊன்றுகோலில் இருப்பாள். சுரண்டி எடுக்க நல்ல இடமும் கொஞ்சம்தான் இருக்கிறது. இத்தனையையும் ஒரு பிடி கல்லுப்பு செய்துவிட்டது.

போர்வை உரசினாலே உடைந்துவிடும்போல் இருந்தது. நர்ஸிடம் கேட்டு சலைன் பாட்டில் வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கினேன். இரண்டு பக்கத்தை அறுத்துக் குகைபோல் வளைத்து, காலுக்கு மேலே கவிழ்த்தேன். அதன் மேல் போர்வை. காலையிலிருந்து என் கை செய்த ஒரே உருப்படியான வேலை அது.

மதியம் பெட்டி வந்தது. தெர்மக்கோல் பெட்டி, இரண்டு கிலோ ஸ்வீட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே மும்தாஜின் பெயர். கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏதோ செருப்புப் பார்சல் கொடுத்தவர்போல் படியிறங்கிப் போனார். பெட்டியை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். அது அங்கே உயிரோடு காத்திருக்கிறது, இங்கே நான் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக் கேரியரோடு மும்தாஜின் அக்கா ரஹ்மத் வந்தார். ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர், வாய் கொஞ்சம் நீளம். அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி பண்ணி வெச்சிகீற? உப்பு வறுத்துகினு வந்து முட்டிய வறுத்துட்டியே! உன் பட்டறையில வர்ற மோட்டாருக்காவது வாய் இல்ல, இவளுக்கு வாய் கீதுல்ல, கேட்டியா?"

"கேட்டாருக்கா" என்றாள் மும்தாஜ். "நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னேன்."

அக்கா ரசம் சாதத்தைப் பிசைந்து தங்கைக்கு ஊட்டினார். எனக்கும் ஒரு தட்டில் வைத்தார். இறங்கவில்லை.

அக்கா கை கழுவப் போனபோது மும்தாஜ் மெதுவாகச் சொன்னாள். "உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய். இருக்கு. நெறைய இருக்கு. இப்ப கோவப்பட்டா கால் ஆடும். அப்புறம் பேசிக்கலாம்."

ஐந்து மணிக்குப் பார்த்தபோது, ஓர் இடத்தில் சிவப்பு நீலக் கோட்டைத் தொட்டுவிட்டதுபோல் தெரிந்தது. ஓடிப்போய் நர்ஸை அழைத்து வந்தேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொடுது சார், தாண்டல. நீங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்காதீங்க, உங்க கை பட்டே உடைஞ்சிடும்" என்றார். அதன் பிறகு என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைய தொழுகைகளை நாற்காலியிலேயே முடித்தேன். என்ன கேட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை டாக்டர் தீக்காய சிகிச்சை மருத்துவர் ஒருவரையும் அழைத்து வந்தார். அட்டையைத் தூக்கினார்கள். சிவப்பை விரலால் அழுத்தினார்கள், வெளுத்து மறுபடி சிவந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ளதான் இருக்கு. கொஞ்சம் குறைஞ்சும் இருக்கு. கொப்புளம் அப்படியே இருக்கு" என்றார் எங்கள் டாக்டர். "ஆனா ரிஸ்க் ஸீரோன்னு நான் சொல்லல. இன்ஃபெக்‌ஷன் ஆனா எல்லாமே போகலாம். வேணாம்னா இப்பவே சொல்லுங்க."

நான் மும்தாஜைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நானும் போட்டேன்.

கொப்புளத்தை மருந்துத் துணியாலும் ஒட்டும் படலத்தாலும் மூடிச் சீல் வைத்து, அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று மணி நேரம். அந்தத் தாழ்வாரத்தின் தரையில் எத்தனை ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

உள்ளே நடந்ததை டாக்டர் பிறகு சொன்னார். கெட்டுப்போன ஓரங்களைச் செதுக்கிச் சுத்தம் செய்தார்கள். காலின் முன் எலும்பிலிருந்து எலும்புறையை (எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல்) ஒரு துண்டு எடுத்து, ஓட்டையின் மேல் மூடிபோல வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்கள். ஓரங்களைப் பசையால் அடைத்தார்கள். கடைசியில் ஊசி வழியாகச் செல்களை அதனடியில் செலுத்தினார்கள். கலங்கிய நீர், அரை ஸ்பூன்கூட இருக்காதாம். ஐந்து வாரம் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக் காத்தது அந்த அரை ஸ்பூனுக்கு.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. என் பாதி உயிர் போய்விட்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், முட்டிக் கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். மூட்டில் ஒன்றுமில்லை, இரண்டு நாளில் இறங்கிவிட்டது. கொப்புளமும் தானாகச் சப்பி உலர்ந்தது.

ஆறு வாரம் வலது காலில் எடை வைக்கக் கூடாது. ஒரு இயந்திரம் தினமும் பல மணி நேரம் அவள் காலை மெல்ல மடக்கி நீட்டும். மூட்டு அசைந்தால்தான் உள்ளே புதுச் செல்களுக்குத் தீனி போகுமாம். அதன் 'உர்ர்' சத்தத்தில் பத்தாவது நாள் அவள் கோபத்தை எடுத்து வைத்தாள்.

"நீங்க பண்ணதவிட, பூச்சி கடிச்சதுன்னு சொல்லலாமான்னு கேட்டீங்களே, அதுதான் எனக்கு ஆறல."

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"சூடு வெச்சது தெரியாம. அது தெரிஞ்சு."

மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே கொடுக்கவில்லை. சில நாள் எடுத்துக்கொண்டாள். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. இதைப் படிக்கும் கணவன்மார்களே, கவனித்துக்கொள்ளும் நம் கையும் தப்பு செய்யும். செய்தால் முதல் நிமிடமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மரத்துப்போன தோலில் சூடும் வைக்காதீர்கள், ஐஸும் வைக்காதீர்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மும்தாஜ் மைதானத்தில் நின்றாள். விசில் ஊதினாள், கை காட்டினாள். ஓடவில்லை. ஒரு வருடம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஓட்டை நிரம்பியிருந்தது. "பழசு மாதிரியே உழைக்குமான்னு பல வருஷம் கழிச்சுதான் தெரியும். ஆனா இப்ப மெதுவா ஓட ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர்.

அவள் ஆரம்பிக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம், மழை விடட்டும், நோன்பு முடியட்டும். காலணி வாங்கிக் கொடுத்தேன், பெட்டியிலேயே இருந்தது. மாடிப்படியில் வலது காலை வைக்குமுன் இன்னமும் ஒரு நொடி யோசிப்பாள். படத்தில் முட்டி ஆறிவிட்டது. அவளுக்குள் ஆறவில்லை. எனக்குள்ளும்தான். அவள் நடக்கும்போதெல்லாம் என் கண் அந்த முட்டியில்தான் இருக்கும். எங்கள் இருவருடைய நாட்களும் அந்த ஒரு ரூபாய் அகலத்தைச் சுற்றியே நடந்தன.

அப்படியே நாலைந்து மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி, ஆறேழு வீடு தள்ளிப் போய் நின்றது. தெருப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு பாய்ந்தார்கள். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி யாரோ இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு ஓடினார்கள்.

மும்தாஜ்.

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணை முந்திக்கொண்டு, பழைய ரிலே ஓட்டக்காரியாக ஓடினாள். "மெதுவா" என்று கத்த வாய் திறந்தேன். கத்தவில்லை.

வரிசையில் மூன்றாவதாக இடம் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? உள்ள இன்னொரு குடம் இருக்கு, எடுத்துட்டு வாங்க!"

எடுத்துக்கொண்டு போனேன். நிறைந்த குடங்களை நானே சுமந்தேன். அவள் ஓடியதை அவள் கவனிக்கவே இல்லை. அந்த ஆறேழு வீட்டுத் தூரத்துக்கு அவளுக்கு முழங்கால் என்று ஒன்று இல்லை. சொன்னால் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அன்று சொல்லவில்லை. அடுத்த மாதம் அவளாகவே காலணிப் பெட்டியைத் திறந்து மைதானத்தில் மெல்ல ஓடியபோது, அதுதான் முதல் ஓட்டம் என்று என்னிடம் வந்து அழுதாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

இதைப் படிக்கும்போதுதான் அவளுக்கே தெரியும்.